விலை போட்ட வழி

பனி இறங்கும் காலைகளில் நான் சன்னலைச் சாத்திவிடுகிறேன். சாத்தினாலும் கேட்கிறது. கடலிலிருந்து திரும்பும் படகுகள் என் வீட்டுக்குப் பின்னால்தான் ஏரிக்குள் நுழைகின்றன. எஞ்சின் சத்தத்தோடு ஒரு குரலும் வருகிறது. "பீச்சாங்கை பக்கம் ஒடி. இன்னும் கொஞ்சம். அப்டியே வா." அது யார் குரல் என்பது பழவேற்காட்டில் எல்லாருக்கும் தெரியும். அதைத் தொலைபேசிகளுக்குள் வைத்தவன் நான்.

பொன்னேரியில் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்தேன். பொழுதுபோக்காக ஒரு மென்பொருள் குழுவில் சேர்ந்தேன். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் இலவச வரைபடச் செயலி அது. அதோடு இணைத்துக்கொள்ளும் சின்னச் சின்னத் துணைச்செயலிகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவார், நன்றி சொல்லிவிட்டு எடுத்துக்கொள்வார்கள். விற்கக் கூடாது என்று விதி கிடையாது. யாரும் விற்றதில்லை, அவ்வளவுதான்.

நான் எழுதியது முகத்துவாரத்துக்கானது. ஏரி கடலோடு சேரும் அந்த வாயில் மணல் திட்டு ஓரிடத்தில் நிற்காது. நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று முழங்காலளவு. இங்கே ஏரியில் வலை போடும் இடங்களுக்குச் சீட்டு குலுக்கி முறை வைத்துக்கொள்கிறார்கள், அதைப் பாடு என்பார்கள். முகத்துவாரத்துக்குப் பாடு கிடையாது. அது யாருடைய இடமும் அல்ல. முதலில் உள்ளே வரும் படகு பின்னால் வருகிற படகுக்குக் கையைக் காட்டி வழி சொல்லும். நான் அந்தக் கையைத் தொலைபேசிக்குள் கொண்டுவந்தேன். உள்ளே வந்தவர் ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் வந்த பாதை பதிவாகும். எல்லாப் பாதைகளையும் சேர்த்து அடுத்தவருக்கு வழி காட்டும்.

குரல் வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரரைக் கேட்டேன். கடலுக்குப் போகிறவர், நடுவயது, நல்ல கனத்த குரல், மீன் ஏலத்தில் அவர் பேசினால் வேறு யார் பேச்சும் எடுபடாது. என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்.

"இடது பக்கம் திரும்பவும்னு சொல்லுங்க" என்றேன்.

"அப்டி சொன்னா எவன் சார் திரும்புவான்? ரேடியோ பொட்டின்னு நெனச்சிக்கினு அணைச்சிடுவான். பீச்சாங்கை பக்கம் ஒடின்னு சொன்னாதான் கை தானா போவும்."

அவருடைய தம்பி வாசற்படியில் நின்று சிரித்தான். "ஊட்ல பேசறது பத்தாதுன்னு இனிமே கடல்லயும் எங்கண்ணன் பேச்சுதானா சார்?"

ஊரே பயன்படுத்தியது. குழுவில் முன்பின் பார்த்திராத ஒரு பெண் அதற்கு ஒரு நிரல் துண்டு எழுதிச் சேர்த்தாள். புதிய பதிவுகள் வராவிட்டால் செயலி வாயை மூடிக்கொள்ளும். பழைய வழியைச் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று ஒரு வரிக் குறிப்பும் போட்டிருந்தாள்.

பிறகு நான் அதற்கு விலை போட்டேன். எனக்குப் பணத்தேவை இல்லை, ஓய்வூதியம் வருகிறது. சும்மா கிடைப்பதை யாரும் மதிப்பதில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். உண்மையைச் சொன்னால், என்னை யாரும் மதிக்கவில்லை என்ற எண்ணம். குழுவில் அந்தப் பெண் மட்டும் கேட்டாள்: "நிரல் உங்களுடையது, சரி. பாதைகள் யாருடையவை?"

எதிர்வீட்டுக்காரர் வாங்க மறுத்தார். "எங் கொரல நானே துட்டு குடுத்து கேக்கணுமா? நல்லா கீது சார் உங்க கணக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தம்பி வாங்கினான்.

வாங்கியவர்கள் பொத்தானை அழுத்துவதை நிறுத்தினார்கள். எனக்கு அது புரியவில்லை. கரையில் ஒருவரிடம் விசாரித்தேன். "நீ விக்கிற சரக்குக்கு நான் எதுக்கு சார் ஓசில வழி போட்டுத் தரணும்?" என்றார். கோபமெல்லாம் இல்லை. மீனுக்கு விலை சொல்வதுபோல் சொன்னார். முன்னால் போகிற படகு கை காட்டுவதும் குறைந்தது. அதுதான் தொலைபேசி சொல்கிறதே.

பதிவுகள் வராததால் செயலி மௌனமானது. காசு கொடுத்தவர்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். "இன்னா சார், துட்டு வாங்கிக்கினு ஊமையாயிடுச்சி?" ஒருநாள் உட்கார்ந்து அந்தப் பெண் எழுதிய துண்டை எடுத்துவிட்டேன். அதை எடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் எடுத்தேன். குரல் திரும்ப வந்தது. எல்லாருக்கும் திருப்தி.

மார்கழிப் பனியில் தம்பியின் படகு உள்ளே வந்தது. குரல் பீச்சாங்கை பக்கம் என்றது. ஆழம் அங்கேயிருந்து எப்போதோ நகர்ந்திருந்தது. படகு திட்டில் தட்டி நின்றது, பின்னாலிருந்து வந்த அலை அதைப் புரட்டியது. கூட இருந்தவர் நீந்திக் கரையேறினார். தம்பி படகுக்கு அடியில் போய்விட்டான்.

கரையேறியவர் ஈரத்தோடு உட்கார்ந்து சொன்னார்: "கவுர்ற வரைக்கும் சொல்லிக்கினே இருந்துச்சி, பீச்சாங்கை பீச்சாங்கைன்னு." நான் பக்கத்தில் நின்றேன். எதிர்வீட்டுக்காரரும் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் தொண்டையில் கையை வைத்துக்கொண்டார்.

அன்றே விற்பனையை நிறுத்தினேன். எடுத்த துண்டைத் திரும்பச் சேர்த்து, குரலை நீக்கி, எல்லாவற்றையும் குழுவுக்கு இலவசமாகக் கொடுத்தேன். நான் செய்ததையும் எழுதினேன்.

தம்பியின் காரியம் முடிந்து சில நாள் கழித்து எதிர்வீட்டுக்காரர் வந்தார். உள்ளே வரவில்லை.

"எங் கொரல எடுத்துடு சார்."

"எடுத்துட்டேன்பா."

"அப்ப காலையில போட்டுங்கள்ல பேசறது யாரு?"

விலை கொடுக்க மனமில்லாதவர்கள் அதற்கு முன்பே, அந்தத் துண்டு இல்லாத பதிப்பை, ஒருவரிடமிருந்து ஒருவர் நகல் எடுத்திருந்தார்கள். அந்த நகல்களை என்னால் எட்ட முடியாது. படகு படகாகப் போய்க் கேட்டேன். சிலர் என் கண்முன் அழித்தார்கள். சிலர் தலையாட்டினார்கள், அழிக்கவில்லை. பழகிவிட்டது, பனியில் ஏதாவது ஒன்று பேசினால் தைரியமாக இருக்கிறது என்றார் ஒருவர்.

இப்போது பனி நாட்களில் எதிர்வீட்டுக்காரர் கடலுக்குப் போவதில்லை. விடியும் முன்னே முகத்துவாரத்து மணல்முனையில் போய் நிற்கிறார். தண்ணீரில் இறங்கி ஆழம் பார்த்துவிட்டு, ஒவ்வொரு படகுக்கும் கத்துகிறார். "அத கேக்காத. சோத்தாங்கை பக்கம் வா. அத கேக்காத."

சன்னலைச் சாத்தினாலும் இரண்டும் கேட்கின்றன.

போன வாரம் ஆரம்பாக்கத்திலிருந்து புதிதாக இங்கே தொழிலுக்கு வந்தவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவரிடமும் நகல் இருந்தது. "போன்ல ஒண்ணு சொல்லுது, கரையில இருந்து ஒண்ணு சொல்லுது. ரெண்டும் ஒரே கொரலா கீது சார். பனியில ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சி. எத கேக்கறது?"

"கரையில நிக்கிறவர" என்றேன்.

"அவரு யாரு?"

போனை வாங்கி அந்த நகலை அழித்த பிறகு சொன்னேன்.