தாங்கியில் ஏறி நேபாளத்துக்குப் பழகியது

வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் தினமும் அரை மணி நேரம் ஏறி நின்றால் இமயமலையில் மூச்சு முட்டாது என்று உண்மையாகவே நம்பினேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே சிரித்துக்கொள்ளலாம். பிறகு வசதிப்படாது.

மனைவி பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவள். கரும்பலகையில் இமயமலையைக் கீறிக் காட்டியே ஓய்வு பெற்றுவிட்டாள். அதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர என்னிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. பங்குனியில் நேபாளம், நாலு நாள், காத்மண்டுவும் பக்கத்தில் பனிமலை தெரிகிற ஓர் ஊரும் என்று முடிவாயிற்று. அவள் கம்பளிச் சட்டை வாங்கினாள். நான் பயப்படத் தொடங்கினேன். தட்டைத் தரையான கொக்குவிலில் பிறந்தவனுக்கு மேடு என்றால் ரயில் பாதைதான். மேலே போகப்போகக் காற்று குறையும் என்று கைபேசியில் வாசித்ததும் எனக்குக் கதிரையில் இருந்தபடியே மூச்சு இளைத்தது.

ஆகவே மொட்டை மாடிக்குப் போய், ஏணி வைத்துத் தாங்கியில் ஏறினேன். பக்கத்து வீட்டுக்காரன் மதிலுக்கு அப்பால் நின்று பார்த்தான்.

"அண்ணை, போராட்டமோ? கோரிக்கை ஏதும் இருக்கோ? சொன்னால் ஆக்களைக் கூட்டியாறன்."

"நேபாளம் போறன். உயரத்துக்குப் பழகிறன்."

"அப்ப பனையிலை ஏறுங்கோவன். அது இன்னும் உயரம்."

சத்தம் கேட்டு மனைவி மாடிப்படி ஏறி வந்தாள். வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கதைத்தாள்.

"இறங்குங்கோ. காத்மண்டு நாங்கள் முந்திப் போன நுவரெலியா மலையை விட உயரம் குறைவு. அங்கை உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே."

"அங்கை இளைச்சது நீரல்லோ. நாலு படிக்கு ஒருக்கா குந்தினனீர்."

"ஓம். நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சனீங்கள்."

விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற கிளிப் ஒன்று, கொரோனாக் காலத்தில் வாங்கியது, என் சட்டைப்பையில் இருந்தது. அன்று காலையிலிருந்து பத்துத் தடவையாவது மாட்டியிருப்பேன். எல்லாத் தடவையும் தொண்ணூற்றெட்டு.

"வாரும், உம்மடையையும் பாப்பம். ஆர் வகுப்பிலை முதலாம் பிள்ளை எண்டு தெரியட்டும்."

எண்பத்தாறு.

"உது பழுது" என்றேன். பற்றரியை மாற்றினேன். அவளுடைய விரலை மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு அவன் விரலில் மாட்டினேன், தொண்ணூற்றேழு காட்டியது. திரும்ப அவளுக்கு மாட்டினேன். எண்பத்தாறு. அவன் எட்டிப் பார்த்துவிட்டு, பகிடி எதுவும் விடாமல் படியிறங்கிப் போனான்.

டொக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது, இனிப் பழைய நிலைக்குத் திரும்பாது என்றார்.

"எவ்வளவு காலமா இளைக்குது?" என்று அவளிடம் கேட்டார்.

"மூண்டு வருசம் இருக்கும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னனான். உடம்பு வைச்சிட்டுது எண்டு பகிடி பண்ணினியள்."

பிறகு அவள் டொக்டர் பக்கம் திரும்பினாள். "நாலு நாள்தான். மலையிலை ஏற மாட்டம். தூரத்திலை நிண்டு பாத்திட்டு வந்திடுவம்."

"பிளேனே வேண்டாம் அம்மா" என்றார் அவர், மருந்துத் துண்டை எழுதிக்கொண்டே.

நாங்கள் நேபாளம் போகவில்லை. பங்குனியில் வீட்டுக்கு ஒட்சிசன் இயந்திரம் வந்தது. அதன் குழாய் குசினி அடுப்பு வரை போகும். முற்றம் வரை எட்டாது.