படத்தில் விழுந்த ஆடு

காலையில் மாட்டுக்குப் புல் நறுக்குவது ஆட்டுக்காரரின் வேலை. ஒரு காலத்தில் முப்பது ஆடுகளைக் காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு திரிந்த மனிதர். காட்டைக் காக்கும் திட்டம் வந்தது. உள்ளே மேய்க்கக் கூடாது, ஆடு வைத்திருக்கவும் கூடாது, பதிலுக்கு இரண்டு கறவை மாடு, வாரம் இரண்டு நாள் காட்டோரத்தில் புல் அறுக்கச் சீட்டு என்றார்கள். கையெழுத்துப் போட்டார். மூன்று வருடம் ஆகியும் ஊர் அவரை ஆட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுகிறது. "என்ன ஆட்டுக்காரரே, ஆடெல்லாம் மாடாயிடுச்சா?" என்று பால் ஊற்றும் இடத்தில் தினம் ஒருவன் வம்புக்கு இழுப்பான். முதலில் முறைப்பார். இப்போதெல்லாம், "உனக்கும் சேர்த்துத்தான் கறக்குது, குடி" என்பார்.

அவர் மனைவிக்கும் அந்தத் திட்டத்தில்தான் வேலை கிடைத்தது. மரங்களில் கட்டிய கேமராக்கள் எடுக்கும் படங்களை வன அலுவலகத்தில் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். காற்றில் ஆடிய இலையைக்கூட அந்தக் கேமராக்கள் விடாது. நூறு படத்தில் தொண்ணூறு வெறும் புதர். மிச்சத்தில் மான், பன்றி, எப்போதாவது ஒரு சிறுத்தையின் வால். முதல் மாதம் மவுஸைப் பிடிக்கவே தெரியாதவள், இப்போது குளம்பைப் பார்த்தே விலங்கைச் சொல்லிவிடுகிறாள்.

அன்று பதினொரு மணி இருக்கும். திரையில் ஒரு வெள்ளாடு வந்து நின்றது. இடது கொம்பு பாதியில் ஒடிந்திருந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெளியூர்க்காரனுக்கு விற்றுவிட்டதாக அவர் சொன்ன ஆடு. படத்தின் ஓரத்தில் ஒரு நீலச் சட்டையின் கை. முழங்கையில் பழுப்பு ஒட்டு. தான் போட்ட தையல் தனக்குத் தெரியாதா?

பிடிபட்டால் ஒரு மாதம் புல் சீட்டு கிடையாது, பால் பாதியாகிவிடும். அது போகட்டும், ஆட்டை ஒளித்து வைத்தவரின் மனைவிக்கு இந்த வேலை நிலைக்குமா? 'வெறும் புதர்' என்று குறித்துவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. விரல்கூட அங்கே போய் நின்றது. ஆனால் போன மாதம் பக்கத்து வீட்டு மாடு படத்தில் விழுந்தபோது 'வளர்ப்பு விலங்கு' என்று குறித்ததும் இதே விரல்தான். புல் சீட்டு நின்றுபோய், அந்த வீட்டில் இன்னும் வைக்கோல்தான் ஓடுகிறது.

எழுந்து அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"மேடம், ஒரு படம் பாக்கணும். அது எங்க வீட்டு ஆடு. சட்டையும் எங்க வீட்டுக்காரரோடதுதான்."

அதிகாரி வந்து பார்த்தார். "ஏம்மா, நீங்களே காட்டிக்கொடுக்கறீங்க?"

"பக்கத்து வீட்டு மாட்டை நான்தானே குறிச்சேன்?"

"ஒரு மாசம் சீட்டு நிக்குமே."

"நிக்கட்டும் மேடம். ஆனா ஒண்ணு கேக்கறேன். மேய விடாம, கட்டிப்போட்டு, அறுத்த புல்லைப் போட்டு ரெண்டு ஆடு வளர்த்தா காட்டுக்கு என்ன கெடுதல்? ஒளிச்சு வச்சிருக்கறது எங்க வீடு மட்டும்னா நினைக்கறீங்க?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எனக்கும் தெரியும். யாராவது வாயைத் திறந்து கேட்டாத்தானே நான் மேல எழுத முடியும்? வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டத்துல பேசுங்க. நீங்க இல்ல, நீங்க பேசினா ஆபீஸ் ஆளுன்னு சொல்வாங்க. அவர் வரணும். ஆட்டோட."

"என் வேலை மேடம்?"

"மத்தியானத்துக்குள்ள மிச்சப் படத்தை முடிங்க, போங்க."

சாயங்காலம் அவர் அடுப்படியில் பால் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க படம் ஆபீஸுக்கு வந்துச்சு" என்றாள்.

"என் படமா?"

"உங்க கை மட்டும்தான். ஆடு முழுசா, லட்சணமா வந்திருக்கு. எங்க வச்சிருக்கீங்க?"

துடைத்த பாத்திரத்தையே இன்னொரு முறை துடைத்தார். "தங்கச்சி வீட்டுக் கொட்டகையில" என்றார் மெதுவாக. "நான் எங்க மேய்ச்சேன்? அதுதான் என்னைக் கூட்டிக்கிட்டுப் போச்சு."

"நல்லாக் கூட்டிக்கிட்டுப் போச்சு! ஒரு மாசம் நமக்கும் வைக்கோல்தான்."

"உன் வேலை?"

"இருக்கு." கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். "ஊர் முன்னாடி, ஆட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்கதான் கேக்கணுமாம். வருவீங்களா?"

அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். கொடியிலிருந்து நீலச் சட்டையை எடுத்து மாட்டினார். ஆணியில் மூன்று வருடமாகச் சும்மா தொங்கிய ஆட்டுக் கயிற்றை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தங்கச்சி வீட்டுப் பக்கம் நடந்தார்.