சந்தனம் பூசிய கீபோர்ட்

ஆயுத பூஜைக்கு மறுநாள் மத்தியானம் எனக்குத் தட்டச்சுப் பரீட்சை. வீட்டிலிருந்தே கம்பியூட்டரில் எழுதலாம். பாஸானால் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை. வேலையைவிட எனக்குக் கொழும்புதான் வேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் எங்கள் லயத்து வீடு; ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். நான் தும்மினால் பக்கத்து வீட்டிலிருந்து, என்ன சளியா என்று விசாரிப்பார்கள். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை, என் பாட்டுக்கு நடந்துபோக ஒரு தெரு. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா என் கீபோர்டைக் கழற்றி, தேயிலைச் செடி வெட்டும் தன் கவ்வாத்துக் கத்திக்கும் அம்மாவின் கொழுந்துக் கூடைக்கும் நடுவில் பூஜைக்கு வைத்துவிட்டார். ஒரு பொட்டோடு விட்டிருக்கலாம். மனிதர் ஓர் எழுத்தையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம், போதாததற்கு மாவிலையால் மஞ்சள் தண்ணீர்.

"அப்பா, தண்ணி உள்ள போனா வேலை செய்யாதுப்பா!"

"ஒனக்குச் சோறு போடப்போற சாமான். சாமிக்கு முன்னால வைக்காம இருக்கலாமா? மறுபூசை முடியிற வரைக்கும் கைய வைக்காத."

அன்றிரவு முழுக்க எனக்கு எரிச்சல். காலையில் மறுபூசைச் சூடம் அணைந்ததும் பாய்ந்து எடுத்தேன். சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. இடைவெளிப் பட்டன் உள்ளே போனது, எழும்பவில்லை. கொடகவெல டவுனுக்குப் போய்ப் புதிது வாங்கி வர நேரமில்லை.

எந்த எழுத்து எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன். கரண்டிக் காம்பால் பட்டன்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டேன். உள்ளே தலைமுடி, பிஸ்கட் தூள், செத்த எறும்பு. பழைய பிரஷால் கூட்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். வெளியே மழை. அம்மா கழுவிய பட்டன்களைச் சுளகில் பரப்பி, மிளகாய் காயவைப்பதுபோல் அடுப்போரம் வைத்தார்.

"தள்ளி வைங்கம்மா, உருகிப்போகும்!"

"கத்தாத புள்ள, எனக்குத் தெரியாதா?"

நன்றாகக் காய்ந்த பிறகு, படத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். எல்லா எழுத்தும் விழுந்தது. பரீட்சையில் என் விரல்கள் பறந்தன. எழுதி முடித்தபோதே, மனதுக்குள் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் கம்பனியிலிருந்து அழைத்தார்கள். வேலை கிடைத்துவிட்டது. கொழும்புக்கு வரத் தேவையில்லை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று போனில் பேசிய பெண் சிங்களத்தில் சந்தோஷமாகச் சொன்னாள். மனதுக்குள் அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அம்மா லயம் முழுக்கச் சீனி கொடுத்துவிட்டு வந்தார்.

அப்பா அன்றைக்கே பலகை தேடிக்கொண்டு வந்து, அறையின் மூலையில் என் மேசையைச் சுற்றித் தடுப்பு அடித்தார். யாருடைய சத்தமும் என்னைத் தொந்தரவு செய்யக்கூடாதாம். ஜன்னல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஆணியை வாயில் கடித்தபடி அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்ததேயில்லை.

"உள்ள போயி உக்காந்து பாரும்மா. எடம் போதுமா?"

உட்கார்ந்தேன். முழங்கை பலகையில் இடித்தது.

"போதும்ப்பா" என்றேன்.