நாத்தனாரும் கோட்டு வரிசையும்

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதுகூட என் நாத்தனாரின் ஆள்காட்டி விரல் சும்மா இருக்காது. எஃகுக் கதவின் மேல் படுக்கையாக ஒன்று, நிமிர்ந்து ஒன்று, வளைத்து ஒன்று என்று இழுத்துக்கொண்டே இருப்பாள். ஏதோ கறையைத் துடைக்கிறாள் என்று பக்கத்தில் நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அவள் எழுதுவது சீன எழுத்து.

என் கணவரின் தங்கை. தையல் இயந்திர உதிரி பாகங்களை இறக்குமதி செய்யும் அலுவலகத்தில் என் அடுத்த மேசை. வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான், யாரை நொந்துகொள்வது? பெட்டிகள் எல்லாம் சீன எழுத்தோடு வருவதால் மாலை வகுப்புக்கு அனுப்பும்படி முதலாளியிடம் நான் கேட்டேன். தனியாக வீட்டுக்குப் போகப் பயந்து இவளும் ஒட்டிக்கொண்டாள். துணைக்கு வந்தவள் என்னை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எழுதும்போது நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். நெடுங்கோட்டுக்கு மூச்சைப் பிடித்துக்கொள்வாள். எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோடு என்பதில் ஒன்று பிசகினால், எழுத்து எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"என் கைக்குத் தெரியுமே அண்ணி" என்றாள்.

இந்தப் பைத்தியம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. துணியை இடமிருந்து வலமாகத்தான் காயப்போடுகிறாள். சட்டைப் பொத்தான் மேலிருந்து கீழே. "சின்ன வயசுலேருந்தே அவ அப்படித்தான்" என்று என் கணவர் பூரித்துப்போகிறார். அவளைவிட அதிகச் சொற்கள் எனக்கு மனப்பாடம். அதை ஒரு நாளாவது கேட்டிருப்பாரா? எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

என் கைக்குக் கட்டம்தான் எமன். கட்டம் போட்ட எழுத்துகளில், உள்ளே இருக்க வேண்டியவற்றை வைத்த பிறகுதான் அடிக்கோட்டை இழுத்து மூட வேண்டும். ஆள் உள்ளே போகாமல் கதவைச் சாத்தாதீர்கள் என்பார் டீச்சர். நானோ சதுரத்தை முழுசாக மூடிவிட்டு அப்புறம் ஆளைத் தேடுவேன்.

இதற்கிடையில், சீனாவில் இயந்திரம் செய்யும் தொழிற்சாலை எங்களில் ஒருவரைச் சில மாதப் பயிற்சிக்கு அழைத்தது. யாருக்கும் அண்ணியாக இல்லாமல் ஓர் ஊரில் இருந்து பார்க்க எனக்கு ஆசை. அவளும் புதுப் பயணப் பெட்டிக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தாள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலாளி டீச்சரிடம் விட்டுவிட்டார்.

அவர் எழுத்துத் தேர்வு வைத்தார்; கோட்டு வரிசை சரிதானா என்று எதிரே உட்கார்ந்து எங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவள். கடகடவென்று எழுதிப் போனவள் ஓரிடத்தில் நின்றாள். "வரிசை தப்பிடுச்சு டீச்சர்" என்று தானாகவே சொல்லி, நன்றாக இருந்த எழுத்தை அடித்தாள். டீச்சர் அதைக் கவனித்திருக்கவே இல்லை. ஆனாலும் அடித்தல் அடித்தல்தான், மதிப்பெண் போயிற்று.

அடுத்து நான். கடைசி எழுத்து 'வயல்': நாலு பக்கம் வரப்பு, உள்ளே ஒரு கூட்டல் குறி. அந்த நேரம் பார்த்து டீச்சரின் செல்போன் அடித்தது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பினார். பழக்கதோஷத்தில் என் கை கட்டத்தை மூடிவிட்டது. கூட்டல் குறியை அப்புறம் உள்ளே திணித்தேன். அவர் திரும்பி வந்தபோது வயல் அச்சடித்ததுபோல் இருந்தது. என் வாய் திறக்கவில்லை.

"ஒரு அடித்தல்கூட இல்ல. இந்தத் தடவை உங்க அண்ணி போகட்டும்" என்றார் டீச்சர்.

அவள் சிரித்தாள். சந்தோஷம் என்றாள். என் தாளைப் பார்க்கலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை மூக்கருகே கொண்டுபோய், எந்தக் கோட்டின் மை எதன் மேல் ஏறியிருக்கிறது என்று தேடி, வயலின் நடுக்கோடு அடிவரப்பைத் தொடும் இடத்தில் மெதுவாக நகத்தை வைத்தாள்.