காற்றுப் பட்டால் நோகும் கன்னம்

போன வருடம் ஆறு கிழமைகள், அதாவது ஒன்றரை மாதம், நான் பெரிய பக்திமானாக இருந்தேன். அது எனக்கே தெரியாமல் நடந்தது.

இடது கன்னத்தில்தான் எல்லாம் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், நாரந்தனையில் உள்ள வீட்டிலிருந்து கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வேலைக்காகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். கடல் பக்கமிருந்து காற்று வந்து முகத்தில் பட்டது. உடனே மேல் உதட்டிலிருந்து காதுவரை கறண்ட் வயரை வைத்து எடுத்தது போல ஒரு அடி. சைக்கிளோடு வேலிக்குள் போய் விழுந்தேன். நாலைந்து செக்கன்தான். பிறகு ஒன்றுமே இல்லை. எழும்பி, யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, கடைக்குப் போய் அரிசி நிறுத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் முகம் கழுவும்போது வந்தது. பிறகு சவரம் செய்யும்போது, சோறு மெல்லும்போது, வாய் திறந்து பேசும்போது. கண்ணாடியில் பார்த்தால் வீக்கமும் இல்லை, சிவப்பும் இல்லை. பல்தான் என்று முடிவு செய்து யாழ்ப்பாணத்தில் ஒரு பல் வைத்தியரிடம் போனேன். அவர் தட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். "பல்லிலை ஒரு பிழையும் இல்லை" என்றார். நான் பிடுங்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஐம்பது வயதுவரை யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன் முதல் தடவையாக அடம் பிடித்துக் கேட்டது ஒரு நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லி. அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

ஆகவே நானே ஒரு ஒழுங்கு செய்துகொண்டேன். சவரத்தை விட்டேன். காற்றுப் படாமல் தலையையும் கன்னத்தையும் துவாயால் சுற்றினேன். மீனை விட்டேன், முள்ளு எடுத்துச் சவைக்க ஏலாது. கஞ்சியை வலப் பக்கத்தால் மெதுவாக விழுங்கினேன். பேச்சையும் விட்டேன். நான் எப்போதும் அதிகம் பேசாதவன் என்பதால் இதை மட்டும் முதல் கிழமை ஒருவரும் கவனிக்கவில்லை.

பக்கத்து வளவில் இருக்கும் அண்ணை வருடா வருடம் எங்கள் கோயில் தேரன்று அலகு குத்துகிறவர். ஒரு கன்னத்தால் ஏற்றிய வேல் மறு கன்னத்தால் வெளியே வர, வீதி முழுவதும் ஆடிக்கொண்டு வருவார். அவர் வேலிக்கு மேலால் என் தாடியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நேர்த்திக்கடனோ?" என்று கேட்டார். விளக்கம் சொல்வதென்றால் வாய் திறக்க வேண்டும். தலையை ஆட்டினால் கதை முடியும் என்று நினைத்து ஆட்டினேன்.

கதை அங்கேதான் தொடங்கியது. கடைக்குச் சீனி வாங்க வந்தவர்கள் என்னைக் கண்டு கும்பிட்டார்கள். ஒரு பெண் தன் கைக்குழந்தையை ஆசீர்வாதத்துக்காக என்னிடம் நீட்டினாள். குழந்தை நேரே என் இடது கன்னத்துக்குக் கையைக் கொண்டுவந்தது. நான் மா மூட்டைகளுக்குப் பின்னால் ஓடினேன். "பாருங்கோ, எவ்வளவு அடக்கம்!" என்றாள் அவள்.

தேருக்குப் பன்னிரண்டு நாள் இருக்க அண்ணை வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, உம்மடை பேரையும் கோயிலிலை குடுத்துப்போட்டன். என்னோடை சேர்ந்து நீரும் அலகு குத்தும். உதிலை போட்டு உதிலை எடுக்கிறது, அவ்வளவுதான்" என்று விரலை என் இடது கன்னத்துக்கு அரை சாண் தூரத்தில் கொண்டுவந்து காட்டினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அதையும் அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு மனைவி குசினியிலிருந்து வந்தாள்.

"என்னப்பா, காத்துப் பட்டாலே துள்ளுறியள். வேல் ஏத்தப் போறியளோ? ஏலாதெண்டு சொல்லுங்கோவன்!"

நீயே சொல்லு என்று கையைக் காட்டினேன்.

"நான் சொன்னால் சாமிக் குத்தம் எண்டு என்னைத்தான் பேசுவினம். தலையாட்டினது நீங்கள். நீங்களே சொல்லுங்கோ."

அடுத்த நாள் காலை என்னை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்தவர் வயது குறைந்த பெண் டொக்டர்.

"எப்பிடி நோகுது ஐயா? விண்விண் எண்டு இடிக்குதோ, எரியுதோ, உளையுதோ?"

"கறண்ட்" என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "காத்துப் பட்டால் வருமோ? சவரம் எடுக்கேக்கை?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்க வேண்டியதைக் கேட்கிற ஒரு ஆள் கடைசியில் கிடைத்துவிட்டார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். கை வெட்டுப்பட்டால், பல் சூத்தையானால் வருகிற நோவு, உடம்பு அனுப்புகிற செய்தி. மூட்டு வீங்கி உளைவதும் அப்படித்தான். இன்னொரு வகை இருக்கிறது. அதில் உடம்பில் காயமே இல்லை, செய்தி கொண்டுபோகிற நரம்பிலேதான் பிழை. முகத்து நரம்பு மூளையை விட்டு வெளிக்கிடுகிற இடத்தில் ஒரு இரத்தக்குழாய் அதில் உரசி உரசி, வயரின் மேல்தோல் போவது போல நரம்பின் உறை தேய்ந்துவிடும். தொடுகையைக் கொண்டுபோகிற இழையும் நோவைக் கொண்டுபோகிற இழையும் அங்கே ஒன்றோடொன்று முட்டும். அதனால் காற்றுத் தொட்டாலும் மூளைக்கு வெட்டு விழுந்தது என்றுதான் செய்தி போகும்.

"டொக்டர், இந்தக் கன்னத்திலைதான் இவருக்கு அலகு குத்தப் போயினம்" என்றாள் மனைவி.

டொக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்ததால் கறண்ட் அடித்தது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு, அண்ணைக்கு ஏன் நோவதில்லை என்று கேட்டேன்.

"நோவு மேலை போறதுக்கு ஒரு வாசல் இருக்கெண்டு வையுங்கோ. விரதம், மேளம், சாமி நினைப்பு, எல்லாம் சேர்ந்தால் மூளையே அந்த வாசலைச் சாத்தும். மிச்சம் எங்களுக்கும் முழுசாத் தெரியாது. ஆனால் உங்கடை வயர் பழுது. உங்களுக்கு அலகு வேண்டாம்."

வலிப்புக்காரருக்குக் கொடுக்கிற குளிசையையே எனக்கும் தந்தார். தலை சுற்றும், தோலில் தடிப்பு வந்தால் உடனே வரவேண்டும் என்றார். தலையைப் படம் எடுக்க யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார்.

ஐந்தாம் நாள் காலையில் முகம் கழுவினேன். தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. மறுபடியும் கழுவினேன். கிணற்றடியில் நின்று பத்து வாளி அள்ளி முகத்தில் ஊற்றினேன். தாடியை வழித்தேன். குளிசையின் சுற்றலில் நிலம் படகு போல ஆடியது, கூச்சமும் எங்கேயோ விழுந்துபோனது. ஆடிக்கொண்டே வேலிக்குப் போய் அண்ணையைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் பேசினேன்.

"அப்ப நேர்த்தி இல்லையோ?"

"இல்லை அண்ணை. வழிக்க ஏலாமல் தாடி விட்டனான். சவைக்க ஏலாமல் மீனை விட்டனான்."

"கதையாமல் இருந்தது?"

"வாய் திறந்தால் கறண்ட்."

அவர் விரலை மடித்து எண்ணினார். "ஆறு கிழமை மச்சம் மாமிசம் இல்லை, கதை இல்லை, நோவையும் தாங்கினனீர். நான் ஒரு வருசமும் இப்பிடி விரதம் இருந்ததில்லை ஐசே. அலகு வேறை என்னத்துக்கு, விடும். நான் சொல்லிவிடுறன்."

சொல்ல அவர் மறந்துவிட்டார், அது எனக்குத் தெரியாது. தேரன்று அவருக்குத் துணையாகப் போய் நின்றேன். அவருக்கு வேல் ஏறியது. கண் கூடச் சிமிட்டவில்லை. அவருக்கு வேலை ஏற்றிவிட்டவர் கையில் திருநீறோடு என் பக்கம் திரும்பி என் கன்னத்தைப் பிடிக்க வந்தார். அண்ணையால் இப்போது பேச முடியாது. சுற்றிவர ஊரே நிற்கிறது.

"ஏலாது! நான் குத்தேல்லை!" என்று கத்தினேன். மேளத்துக்கு மேலால் அது கேட்டது.

"ஓ, சரி. தள்ளி நில்லும். அடுத்த ஆள் வாங்கோ" என்றார் அவர்.