அப்பா சொன்ன ஒரு பொய்

மகள் வாங்கிவந்த மாயாஜால நாவலில் இரண்டு ரவுடிக் குலங்கள் மோதிக்கொள்கின்றன. பத்துப் பக்கத்தில் அலுத்துப்போய் மூடிவிட்டேன். புதுப்பட்டினத்தில் நான் அப்படி இரண்டு குலங்களுக்கு நடுவில்தான் வளர்ந்தேன்.

அப்பா வீட்டாருக்கும் அம்மா வீட்டாருக்கும் சாராய வியாபாரத்தில் தீராத பகை. ஒரு மதியம் அம்மாவின் தம்பி தோளில் வெட்டுக்காயத்தோடு எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தார். அம்மா அவரைச் சமையலறையில் ஒளித்துவைத்தாள். பின்னாலேயே சித்தப்பா கத்தியோடு வந்தார்.

"அவன் உள்ளதான கீறான், அண்ணாத்த?"

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "யாரும் இல்லடா. போ."

சித்தப்பா வாசலில் சொட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தார். "இன்னியோட நீ எனக்கு அண்ணன் இல்ல."

பகையாளியால் பிழைத்த வெட்கத்தில் மாமாவும் பிறகு வரவேயில்லை.

என் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாருக்கும் சேர்த்தே அப்பா சமைக்கச் சொல்லியிருந்தார். மீந்த சோற்றை அவரே அள்ளினார்.