அன்வருக்கு நான் சொல்லாமல் விட்டது

என் மச்சினன் அன்வர் மேல் எனக்குப் பொறாமை. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? சிவகாசியில் பிரவுசிங் சென்டர் வைத்துக்கொண்டு, பட்டாசு லேபிளுக்குப் படம் தேடி வருகிறவர்கள் போன நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டியவன் நான். எட்டு வருடம்! விமானக் கையேட்டை நானூறு பக்கம் பிரிண்ட் எடுத்து, காலண்டர் அட்டை போட்டு பைண்டிங் செய்து படித்தவன். ஆனால் மல்லாங்கிணறு நிலத்தை விற்று, விமானியாகப் படிக்க மாமனார் அனுப்பியது அவனை. வயிறு எரியாதா?

2006இல் ஒரு விமானக் கம்பெனி அவனைத் தேர்வுக்கு அழைத்தது. பெரிய விமானத்தின் விமானி அறை மாதிரியே செய்துவைத்த சிமுலேட்டரில் ஓட்டிக்காட்ட வேண்டும், தேறினால்தான் வேலை. அதுவரை குட்டி விமானம் மட்டுமே ஓட்டியிருந்தவன் நேரே என் கடைக்கு வந்தான்.

"மச்சான், ஒரு வாரம் சொல்லித் தாங்க. உங்க அளவுக்கு இங்கன யாருக்கு வெவரம் தெரியும்?"

சொல்லித் தந்தேன், ஒன்றைத் தவிர. என் கம்ப்யூட்டரில், சக்கரத்தை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தம் அடியோடு போனாலும், ஒரு பொத்தானைத் தட்டினால் சக்கரம் சமர்த்தாக இறங்கிவிடும். நிஜ விமானத்தில் நடக்காது. விமானி அறையின் தரையில் ஒரு மூடியைத் திறந்து, மூன்று கைப்பிடிகளை இழுக்க வேண்டும். அது எனக்கு மனப்பாடம். இருந்தும், அவன் பொத்தானைத் தட்டியபோதெல்லாம் "பிரமாதம்லே" என்றேன். பாவி!

தேர்வு நாளன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் தோற்க வேண்டும் என்றிருந்தது. என் மனைவி சாலிஹாவோ தம்பிக்காக நோன்பு பிடித்திருந்தாள்.

தேறிவிட்டான். அல்வாவோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

"ஹைட்ராலிக்கத்தான் நிப்பாட்டிட்டாக மச்சான். கைப்பிடிய இழுத்துச் சக்கரத்த எறக்கிட்டேன்."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கூடப் படிச்சவன் புஸ்தகத்துல ரெண்டாம் நாளே பாத்துட்டேன். ஒங்க கம்ப்யூட்டர்ல தப்பா இருக்குன்னு சொல்ல வாயெடுத்தேன். அம்புட்டு ஆசையாச் சொல்லித் தந்தீக. ஒங்களுக்குத் தெரியலன்னு ஆயிட்டா மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்."

எனக்குத் தெரியாதாம்! எனக்கு! எல்லாம் தெரியும்லே என்று கத்த நாக்கு துடித்தது. பக்கத்தில் சாலிஹா நின்றாள். தெரிந்துமா சொல்லவில்லை என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வேன்?

"அப்படியாலே? இப்பத்தான் கேள்விப்படுதேன்" என்றேன்.

அன்வர் ஒரு தாளை எடுத்து, மூன்று கைப்பிடிகளையும் வரைந்து, எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாக விளக்க ஆரம்பித்தான். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.